தர்மபுரியில் யார் இடம்பெயர்ந்தவர்?

பென்னாகரம் பக்கம் ஏதாவது ஒரு ஊருக்குப் போய், "உங்க வீட்டுல யாராவது இடம்பெயர்ந்து போயிருக்காங்களா?" என்று கேட்டால், பெரும்பாலும் "அப்படியெல்லாம் இல்லைங்க" என்றுதான் பதில் வரும். சரி, மகன் எங்கே? பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. மருமகள்? அவரும் அங்கேதான், சித்தாள் வேலைக்குப் போகிறார். பேரப்பிள்ளைகள் ஆயாவோடு ஊரில். எப்போது வருவார்கள்? "பொங்கலுக்கு வருவாங்க, மாரியம்மன் பண்டிகைக்கு வருவாங்க, ஓட்டுப் போட வருவாங்க."

கேட்டவர் மனதில் இருப்பது இடப்பெயர்வு. பதில் சொன்ன ஆயாவுக்கு அது பிழைப்புக்குப் போய்வருவது. வீடு இங்கே, ரேஷன் கார்டு இங்கே, குலதெய்வம் இங்கே, இருக்கிற ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடும் இங்கே. அப்புறம் எப்படி இடம்பெயர்ந்ததாகும்? அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அரசாங்கக் கணக்கிலும் சட்டத்திலும் இந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒரு குடும்பத்துக்குச் சில உரிமைகள் கிடைக்கின்றன, சில கை நழுவுகின்றன.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தச் சிக்கல் கண்ணெதிரே தெரியும். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது தர்மபுரி மாவட்டம். 2004இல் அதிலிருந்து பிரிந்தது கிருஷ்ணகிரி. ஒரே மாவட்டமாக இருந்த இந்த நிலத்தின் தெற்கு மூலையில் இருக்கும் அரூரும் பென்னாகரமும் ஆட்களை வெளியே அனுப்புகின்றன. வடக்கு மூலையில் இருக்கும் ஓசூர் வெளியிலிருந்து ஆட்களை இழுத்துக்கொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் சில மணி நேரப் பேருந்துப் பயணம்தான்.

எதை வைத்து அளக்கிறார்கள்

இடம்பெயர்ந்தவர் என்று யாரைச் சொல்வது என்பதற்குச் சர்வதேசச் சட்டத்திலேயே பொதுவான வரையறை கிடையாது. ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய அளவுகோலை வைத்துக்கொள்கிறது. எவ்வளவு காலம் போனார், எந்த எல்லையைத் தாண்டினார், எதற்காகப் போனார், விரும்பிப் போனாரா, துரத்தப்பட்டாரா. இவற்றில் எதை முன்னால் வைக்கிறோமோ அதற்கேற்ப ஒருவர் கணக்குக்குள் வருவார், அல்லது வெளியே நிற்பார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்காக இரண்டு விஷயங்களைக் கேட்கிறார்கள். பிறந்த ஊர் எது? இதற்கு முன் கடைசியாகக் குடியிருந்த ஊர் எது? பதில் இப்போது இருக்கும் ஊராக இல்லாவிட்டால் அவர் இடம்பெயர்ந்தவர். இந்த அளவுகோலின்படி 2011இல் இந்தியாவின் 121 கோடிப் பேரில் ஏறக்குறைய 45 கோடிப் பேர் இடம்பெயர்ந்தவர்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல்.

இவ்வளவு பேரா என்று தோன்றும். முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகும் நம் வழக்கத்தை வைத்துப் பார்த்தால் புரியும். காரிமங்கலத்தில் வாழ்க்கைப்பட்ட பெண், அரூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய், அங்கே அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்று, ஐந்தாம் மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரிமங்கலம் திரும்புகிறார். பிறந்த ஊர் அரூர், இருக்கும் ஊர் காரிமங்கலம். பிறந்த இடத்தை வைத்து அளந்தால், இன்னும் தவழக்கூட ஆரம்பிக்காத அந்தக் குழந்தை இடம்பெயர்ந்தவர். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, கணக்கெடுப்பின் காரணப் பட்டியலில் 'பிறந்தபின் இடம் மாறியவர்' என்றே தனி வகை இருக்கிறது. அதே குழந்தையின் அப்பா வருடத்தில் நான்கு மாதம் குடகில் காபி பறித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தால், அவர் அந்தக் கணக்கில் வராமல் போவதற்கே வாய்ப்பு அதிகம்.

கணக்கில் பெரும்பகுதியை நிரப்புவது கல்யாணம். 2020 ஜூலை முதல் 2021 ஜூன் வரை நடந்த மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், நாட்டு மக்களில் 28.9 சதவீதம் பேர் இடம்பெயர்ந்தவர்கள் என்று வந்தது. ஆண்களில் 10.7 சதவீதம், பெண்களில் 47.9. அந்தப் பெண்களில் நூற்றுக்கு 86 பேருக்கு மேல் சொன்ன காரணம் கல்யாணம். பெண் கொடுத்தோம், பெண் எடுத்தோம் என்று நாம் பேசும்போது அதை யாரும் இடப்பெயர்வு என்று நினைப்பதில்லை. ஆனால் தேன்கனிக்கோட்டையிலிருந்து கர்நாடகத்து ஆனேக்கல்லுக்கும், வேப்பனப்பள்ளியிலிருந்து ஆந்திரத்துக் குப்பத்துக்கும் பெண் கொடுப்பது இந்தப் பக்கம் சர்வசாதாரணம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வீட்டில் புழங்கும் எல்லைப் பகுதி இது. சொந்தக்காரர்கள் மூன்று மாநிலங்களில் இருப்பார்கள்.

அந்த எல்லை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காகிதத்தில் கனமாக இருக்கிறது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதி அல்லது பழங்குடியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், புதிய மாநிலத்தில் அந்த இடஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எல்லைக்கு அந்தப் பக்கம், பத்துக் கிலோமீட்டர் தள்ளி வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் அங்கே அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தான் 'இடம்பெயர்ந்தவர்' என்பது அவருக்கே தெரியவருகிறது.

நான்கு மாதம் போய்வருபவர்கள்

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது கல்யாணக் கணக்கு அல்ல. போய், திரும்பி, மறுபடி போகிறவர்களின் கணக்கு. தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு 2007-08இல் இவர்களுக்காக ஒரு தனி வரையறை வைத்தது. கடந்த 365 நாட்களில், வேலைக்காக ஒரு மாதமோ அதற்கு மேலோ, ஆனால் ஆறு மாதத்துக்குள், வெளியூரில் தங்கியவர் குறுகிய கால இடம்பெயர்ந்தவர். ஆறு மாதம் ஒரே இடத்தில் இருந்துவிட்டால் அதுதான் அவர் வழக்கமாக வசிக்கும் ஊர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

தர்மபுரி மாவட்டத்தின் விவசாய நாட்காட்டியை இந்த வரையறையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். இங்கே பாதிக்கு மேல் மானாவாரி நிலைமைதான். ஆடியில் மழை கிடைத்தால் ராகியும் சாமையும் நிலக்கடலையும் போடுவார்கள். கூடவே கொள்ளு, அவரை, துவரை. கார்த்திகை, மார்கழிக்குள் அறுப்பு முடிந்து களத்து வேலையும் ஓய்ந்துவிடும். அதன்பிறகு கிணற்றில் தண்ணீர் இருப்பவர்களுக்குத்தான் வேலை. அந்தச் சமயத்தில்தான் குடகு மலையில் காபிப் பழம் பறிக்கும் காலம் சூடு பிடிக்கிறது, கேரளத்தில் மிளகு முற்றுகிறது, செங்கல் சூளைகளில் மண் மிதிக்க ஆள் தேடுகிறார்கள், கரும்பு வெட்டுக்கு ஆள் சேர்க்கிறார்கள். மார்கழியிலோ பொங்கல் முடிந்த கையோடோ கிளம்பினால், சிலர் புளி உலுக்கும் மாசி, பங்குனிக்குத் திரும்புவார்கள். சிலர் மாங்காய்க் காலத்துக்கு. சூளைக்குப் போனவர்கள் ஆனி மழைக்கு. ஆடி பதினெட்டுக்கு ஒகேனக்கல்லில் முழுக்குப் போடும்போது வீடு மறுபடி நிறைந்திருக்கும். அதாவது போகிறவர்களில் பெரும்பாலானவர்களின் பயணம் ஆறு மாதத்துக்குள் முடிந்துவிடுகிறது. வழக்கமாக வசிக்கும் ஊரை வைத்து எடுக்கும் எந்தக் கணக்கிலும் அவர்கள் ஊரைவிட்டு அசையாதவர்கள்.

ஏன் போகிறார்கள் என்பதற்கு "வறட்சி" என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். மழை மட்டும் காரணமில்லை. வருடத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்யும் மாவட்டம் இது, பாலைவனம் அல்ல. பாறை நிலம், ஆழத்துக்குப் போன நிலத்தடி நீர், பங்கு பிரிந்து பிரிந்து சிறுத்துப்போன காடு, பக்கத்தில் ஆலை இல்லாத தாலுகாக்கள் என்று எல்லாம் சேர்ந்துதான் ஆளைக் கிளப்புகின்றன. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரி, 68.5 சதவீதம். மக்களில் நூற்றுக்கு 17 பேர்தான் நகர்ப்புறத்தில் இருந்தார்கள். படிப்பும் நகரமும் பக்கத்தில் இல்லாதபோது, உடம்பு உழைப்பை எங்கே விற்க முடியுமோ அங்கே போகத்தான் வேண்டும். தண்ணீரில் இன்னொரு துயரமும் இருந்தது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் கறை பிடித்து, எலும்பு வளைந்து இளமையிலேயே முடங்கியவர்களை இந்த ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தபிறகுதான் காவிரித் தண்ணீர் குடிக்கக் கிடைத்தது. குடிக்கத் தண்ணீர் வந்தது பெரிய காரியம். பயிருக்குத் தண்ணீர் அப்படி வரவில்லை.

கிளம்பும் விதத்தையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். குடும்பம் தானாக முடிவெடுத்துப் பெட்டி கட்டுவதில்லை. மேஸ்திரி வருகிறார். அவரும் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர், தெரிந்தவர், சில சமயம் பங்காளி. ஐப்பசியிலேயே, கைக்காசு தீர்ந்திருக்கும் நேரம் பார்த்து, முன்பணம் கொடுத்துவிடுவார். நோட்டில் பெயர், எத்தனை ஜோடி, எவ்வளவு என்று எழுதிக்கொள்வார். சூளை வேலையில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஒரு ஜோடி. ஒற்றை ஆளை எடுக்க மாட்டார்கள். வண்டி வரும் நாளன்று மலையடிவாரத்தில் ராகி மாவு மூட்டை, அரிசி, மிளகாய், அலுமினியச் சட்டி, கம்பளி, கைக்குழந்தை எல்லாம் ஒரே டெம்போவில் ஏறும். முன்பணம் கல்யாணச் செலவுக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ ஏற்கெனவே போயிருக்கும். போகும் இடத்தில் செய்யும் வேலை அந்தக் கடனைக் கழிக்கத்தான். கணக்கு மேஸ்திரியின் நோட்டில் மட்டும் இருக்கிறது. கடன் கழியாமல் திரும்பினால் அடுத்த வருடமும் அதே வண்டி.

பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அந்த வருடப் படிப்பு போச்சு. விட்டுப் போனால் ஆயா தாத்தாவின் பொறுப்பு. கெலமங்கலம், தளி பக்கத்திலும் மலைக் கிராமங்களிலும் உண்டு உறைவிடப் பள்ளிகள் பல பெண் பிள்ளைகளைப் படிப்பில் நிறுத்தியிருக்கின்றன. வயதுக்கு வந்த பெண்ணை யாரிடம் விட்டுப் போவது என்ற பயத்தில் பதினெட்டு நிறையும் முன்பே கட்டிக்கொடுத்துவிடுவதும் நடக்கிறது. அந்தப் பெண் 'கல்யாணத்தால் இடம்பெயர்ந்தவர்' என்ற கட்டத்தில் போய் உட்காருவார். அவரைத் தள்ளியது பெற்றோரின் நான்கு மாத வேலை என்பது எந்தக் கட்டத்திலும் வராது. எண்களைப் படிக்கும்போது என்னை மிகவும் தொந்தரவு செய்வது இந்த இடம்தான்.

அரூர் பக்கத்துச் சித்தேரி மலையிலிருந்து மிளகு பறிக்கப் போவதும் மரம் வெட்டப் போவதும் வழக்கம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டபோது, இறந்தவர்களில் திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலைக்காரர்களோடு சித்தேரி பக்கத்தவர்களும் இருந்தார்கள். மேஸ்திரி காட்டிய வண்டியில் ஏறியவர்கள் எங்கே போகிறார்கள் என்பது எந்த அரசு ஏட்டிலும் பதிவாகியிருக்கவில்லை.

சட்டம் பார்ப்பது எல்லையை

1979இல் வந்த மாநிலங்களுக்கு இடையேயான இடம்பெயர் தொழிலாளர் சட்டம் நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டது. ஒப்பந்தக்காரர் மூலம் வேறு மாநிலத்திலிருந்து கூட்டிவரப்பட்டவர்கள் ஐந்து பேரோ அதற்கு மேலோ ஓர் இடத்தில் வேலை செய்தால் இந்தச் சட்டம் பொருந்தியது. படம் ஒட்டிய பாஸ்புத்தகம், போக வரப் பயணப்படி, மாதச் சம்பளத்தில் பாதிக்குக் குறையாத இடப்பெயர்ச்சிப்படி என்று உரிமைகள் இருந்தன. 2020இல் நிறைவேற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இதைத் தன்னுள் எடுத்துக்கொண்டு, மாதம் 18,000 ரூபாய் வரை சம்பாதிப்பவர்களில் தானாக வேலை தேடி வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. அதே சமயம் ஐந்து பேர் என்பது பத்துப் பேர் ஆனது. சூளையும் கட்டட வேலையும் சின்னச் சின்னக் குழுவாக நடப்பவை என்பதை யோசித்தால் இது சின்ன மாற்றம் அல்ல.

இரண்டிலும் மாறாமல் இருப்பது ஒன்று: மாநில எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். அரூரிலிருந்து திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் கடந்து, லைன் வீட்டில் வாடகைக்கு இருந்து, ஊரைப் பார்க்காமல் மாதக்கணக்கில் இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் இடம்பெயர்ந்த தொழிலாளி இல்லை. ஓசூரில் இருந்துகொண்டு எல்லையில் இருக்கும் ஜூஜூவாடி தாண்டி கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் வேலைக்குப் போகிறவர் சில கிலோமீட்டரிலேயே வேறு மாநிலத்துக்காரர் ஆகிவிடுகிறார். கட்டடத் தொழிலாளர் நல வாரியமும் மாநிலத்துக்கு ஒன்று. தமிழ்நாட்டு வாரிய அட்டையோடு பெங்களூரில் சாரத்திலிருந்து விழுந்தவரின் குடும்பம் இரண்டு மாநிலத்து அலுவலகங்களுக்கு நடுவில் அலைவதைப் பார்த்தவர்களுக்கு, இது வெறும் வரையறைச் சண்டை இல்லை என்று தெரியும்.

2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடையும் கிடங்கும் எரிந்து பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீபாவளிக்கு முந்தைய வியாபாரத்துக்காகத் தற்காலிக வேலைக்கு வந்த இளைஞர்கள் பலர். அரூர் பக்கத்து ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள் பல பேர் அதில் இருந்தார்கள். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் உண்டு. சில வாரம் வேலை, கையில் கொஞ்சம் பணம், பண்டிகைக்கு வீடு என்று போனவர்கள். ஒரு மாதம்கூட நிறையாத பயணம் என்பதால் குறுகிய கால இடப்பெயர்வு என்ற வரையறைக்குள்ளும் அவர்கள் வரமாட்டார்கள். எந்த அளவுகோலை எடுத்தாலும் அதன் வெளியே நின்றவர்கள்.

ரேஷன் விஷயத்தில் கொஞ்சம் முன்னேற்றம் உண்டு. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 அக்டோபரில் தமிழ்நாடு சேர்ந்தது. ஆனால் குடும்பம் இரண்டு ஊரில் பிரிந்து கிடக்கும்போது, அந்த அரிசி ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் முதலில் வேண்டும். ஆயா கைரேகை வைத்து இங்கே வாங்கிவிடுவார். வேலைக்குப் போனவர்கள் போன இடத்தில் கடை விலைக்குத்தான் வாங்குகிறார்கள்.

முன்பும் போனார்கள்

இது புதிதல்ல. 1876-78 பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் அழிந்துபோன விதம் மக்கள்தொகைக் கணக்கிலேயே தெரியும். 1871இல் இருந்ததைவிட 1881இல் மக்கள் குறைவு. செத்தவர்கள் போக, பிழைத்தவர்களில் பலர் கங்காணிகள் பின்னால் இலங்கைக்கும் மற்ற தோட்டங்களுக்கும் போனார்கள். 1880களில் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பெருகியபோது வட ஆற்காடு, சேலம் மாவட்டத்துத் தமிழர்கள் அங்கே குடியேறினார்கள். 2001இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டபோது அவர்களின் பேரன்கள் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலை தேடிப் போகத் தொடங்கினார்கள். 1934இல் மேட்டூர் அணை நிறைந்தபோது நாகமரை பக்கத்து மேட்டு நிலங்களிலும் சுற்றுப்புறத்திலும் வந்து சேர்ந்தவர்கள் வேறு வகை. அவர்கள் எங்கும் போக நினைக்கவில்லை. ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது. ஏன் போனார் என்ற கேள்வியைவிட, போகாமல் இருக்க அவருக்கு வழி இருந்ததா என்ற கேள்வி முக்கியமாவது இங்கேதான்.

வழியே இல்லாமல் வந்தவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். தும்பலஅள்ளி அணை, பாம்பாறு அணை என்று அணைக்கட்டுகளை ஒட்டி இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. 2021இல் தமிழ்நாடு அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. முகாமிலேயே பிறந்து வளர்ந்து, பெயின்ட் அடிக்கவும் கட்டட வேலைக்கும் போய்க்கொண்டிருக்கும் இளைஞர், பிறந்த ஊரைக் கேட்டால் தர்மபுரி என்பார். இடம்பெயர்ந்தவர் என்று அவரைச் சொல்வது எந்தக் கணக்கில் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் எங்கிருந்தும் வரவில்லை.

ஓசூர் என்னும் எதிர்த்திசை

1885இல் ரேவன்ஸ்டைன் என்ற புவியியலாளர் பிரிட்டிஷ் கணக்கெடுப்பைப் படித்துவிட்டு இடப்பெயர்வுக்குச் சில விதிகளைச் சொன்னார். பெரும்பாலானோர் பக்கத்து ஊருக்குத்தான் போவார்கள். குறைந்த தூரப் பயணத்தில் பெண்கள்தான் அதிகம். ஒரு திசையில் ஓட்டம் இருந்தால் எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் இருக்கும். நம் இரண்டு மாவட்டங்களைப் பார்த்து எழுதியதைப் போலவே இருக்கிறது.

1970களில் சிப்காட் என்னும் அரசுத் தொழிற்பேட்டை வந்த பிறகுதான் ஓசூர் தொழில் நகரம் ஆனது. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று அடுத்தடுத்து ஆலைகள். 2011 கணக்கெடுப்பில் ஒன்றே கால் லட்சத்துக்கும் குறைவாக இருந்த ஓசூர் நகராட்சி 2019இல் மாநகராட்சியானது. இப்போது பர்கூர், போச்சம்பள்ளி பக்கத்தில் மின்சார ஸ்கூட்டர் ஆலை, தேன்கனிக்கோட்டை சாலைப் பக்கத்தில் கைபேசி பாகங்கள் செய்யும் ஆலை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று ஆட்கள் வந்து நிறைகிறார்கள். சிப்காட்டைச் சுற்றிய பகுதிகளில் ஒற்றை அறை லைன் வீடுகளில் நான்கைந்து பேர் ஷிப்ட் முறையில் தூங்குகிறார்கள். பசுமைக் குடிலில் ரோஜா பறிப்பவர்களிலும், ராயக்கோட்டை மண்டிகளில் தக்காளிக் கூடை தூக்குபவர்களிலும்கூட இந்தி பேசுபவர்களைப் பார்க்கலாம்.

"ஊரில் ஆள் கிடைக்கவில்லை, அதனால் வடக்கேயிருந்து வருகிறார்கள்" என்று பண்ணைக்காரர்கள் சொல்வார்கள். "அவர்கள் குறைந்த கூலிக்கு வருவதால் நமக்கு வேலை இல்லை, அதனால் பெங்களூர் போகிறோம்" என்று இளைஞர்கள் சொல்வார்கள். இரண்டும் ஒரே ஊரில் ஒரே நாளில் கேட்கக் கிடைக்கும். உள்ளூர் ஆள் தன் ஊரில் கேட்கும் கூலியும் மரியாதையும் வேறு, வெளியூரில் ஏற்றுக்கொள்ளும் நிலை வேறு. உறவும் சாதியும் பார்த்துப் பழகிய காட்டில் செய்யத் தயங்கும் வேலையை, யாருக்கும் நம்மைத் தெரியாத ஊரில் செய்துவிடலாம். முதலாளிக்கோ, திரும்பிப் போக இடமில்லாமல் வேலை செய்யும் இடத்திலேயே தங்கும் ஆள்தான் வசதி. அதனால் தர்மபுரிக்காரர் பெங்களூரில் விருந்தாளித் தொழிலாளி, ஜார்க்கண்ட்காரர் ஓசூரில். வடக்கத்தியர் என்று ஒதுக்கிப் பேசுபவர்களின் அண்ணனோ தங்கையோ கன்னட தேசத்தில் அதே பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்த வித்தியாசமெல்லாம் ஒரே சாலையில் கலைந்தது. ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் தெற்கே வர நின்றவர்கள் நம் ஆட்கள். ஓசூரிலிருந்து வடக்கே போக வழி தேடியவர்கள் அவர்கள்.

யானைக்கு ஒப்புக்கொண்டது

ஆள் போகும் மாதங்களில் வருகிற ஒரு கூட்டமும் உண்டு. ஐப்பசி வாக்கில், ராகிக் கதிர் முற்றும் நேரத்தில், பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டை, ஓசூர் காடுகளுக்கு வரும். சானமாவு காட்டை ஒட்டி தேசிய நெடுஞ்சாலையைக் கடக்கும் இரவுகளில் வனத்துறையினர் லாரிகளை நிறுத்தி வைப்பார்கள். சில கூட்டங்கள் ஆந்திர எல்லைக்குப் போய்த் திரும்பும். மாசிக்குள் பெரும்பாலும் வந்த வழியே போய்விடும். ராகி நட்டவரின் ஒரு வருட உழைப்பு ஓர் இரவில் போவதும் உண்மை. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்ததும் உண்மை.

இந்த வலசையைக் காப்பதற்காக 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும் 2022இல் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. யானைக்கு இரண்டு பக்கமும் வேண்டும், போவதும் திரும்புவதும் சேர்ந்ததுதான் அதன் வாழ்க்கை, நடுவில் இருக்கும் வழியை மறிக்கக் கூடாது என்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது. நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும். மனிதர் விஷயத்தில் நம் ஏடுகள் இன்னும் அங்கே வரவில்லை. நீ இந்த ஊரா அந்த ஊரா, ஒன்றைச் சொல் என்கின்றன. இரண்டு ஊரிலும் பாதிப்பாதி வாழ்பவருக்கு எழுத ஒரு கட்டம் இல்லை.

அப்படி வாழ்கிறவர்கள் ஊரை விட்டுவிடவில்லை என்பதற்கு ஒரு தடயம் உண்டு. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்குப்பதிவு தர்மபுரித் தொகுதியில். 81 சதவீதத்துக்கு மேல். மற்ற காரணங்களும் இருக்கலாம். ஆனால் தேர்தலுக்கு முந்தின இரவு பெங்களூரிலிருந்து வந்த பேருந்துகளில் நிற்க இடமில்லை என்பதும், வாக்காளர் பட்டியலில் இருந்து பெயர் போய்விடக் கூடாது என்று இங்கே எவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

இப்போது இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்து அடுத்த கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2011இல் போலவே ஆட்களை எண்ணும் வேலைக்குக் குறிக்கப்பட்டிருப்பது பிப்ரவரி. தை முடிந்து மாசி பிறக்கும் மாதம். குடகில் பறிப்பு உச்சத்தில் இருக்கும், சூளைகளில் தீ மூட்டியிருப்பார்கள், பென்னாகரத்திலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் பாதி வீடுகளில் பெரியவர்களும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். 2011இல் வைத்திருந்த விதிப்படி, எண்ணும் நாட்களில் ஒருநாளாவது வீட்டில் இருந்தவரை அந்த வீட்டில் சேர்ப்பார்கள். முழுக்க வெளியே இருந்தவரை, இருக்கும் இடத்தில்தான் எண்ண வேண்டும். எஸ்டேட் லைனுக்கும், கட்டடத்தின் பின்னால் இருக்கும் தகர ஷெட்டுக்கும், சூளையோரக் குடிசைக்கும் கணக்கெடுப்பாளர் போகாவிட்டால் அவர்கள் இரண்டு ஊரிலும் இல்லாதவர்கள்.

அதனால் பிப்ரவரிக்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. எந்தெந்த ஊரிலிருந்து எத்தனை பேர் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பது ஊராட்சி மன்றத்துக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் நூறு நாள் வேலைப் பணித்தள மேற்பார்வையாளருக்கும் அத்துப்படி. மேஸ்திரிகளின் நோட்டில் பெயர் பெயராக இருக்கிறது. அதையெல்லாம் திரட்டி, கிளம்பும் நாளும் போகும் இடமும் எழுதி ஊராட்சியில் ஒரு பதிவேடு வைத்தால் போதும். அந்தந்த மாவட்ட நிர்வாகத்துக்கு, குடகுக்கும் பெங்களூருக்கும் திருவள்ளூருக்கும், தகவல் அனுப்பலாம். மார்கழி அறுப்பு முடியும் முன்பே அதைத் தொடங்க வேண்டும். வண்டி கிளம்பிவிட்டால் கேட்க ஆள் இருக்காது.